ஒரு மனு நிலுவையில்… இன்னொரு மனு கையில்!

அமெரிக்கக் குடிமகனை மணந்து சென்ற பெண்கள், கிரீன் கார்டு விவகாரம் முடியும் முன்பே குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. அதை எப்போது, எப்படிப் பயன்படுத்துவது?

‘மாப்பிள்ளை அமெரிக்கன் சிட்டிசன்’ என்று ஜாதகத்தோடு ஒரு வரி சேர்ந்து வந்தால், பெண் வீட்டில் பாதிக் கவலை தீர்ந்துவிடுகிறது. ஹெச்-1பி மாப்பிள்ளை என்றால், வேலை போன 60 நாளுக்குள் வேறு வழி தேட வேண்டும். கிரீன் கார்டு வரிசையில் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும். ஹெச்-4 விசாவில் போகும் மனைவி வேலை பார்க்க முடியுமா, முடியாதா என்பது தனிக் கவலை. சிட்டிசன் என்றால் இவை எதுவும் கிடையாது. “பொண்ணுக்கும் மூணு வருஷத்துல சிட்டிசன்ஷிப் வந்துடும்” என்று சம்பந்தி வீட்டில் நம்பிக்கையோடு சொல்வார்கள்.

வரும். ஆனால் தானாக வராது. விசா கொடுக்கும்போது ஒரு முறை, கிரீன் கார்டின் நிபந்தனையை நீக்கும்போது ஒரு முறை, குடியுரிமை கேட்கும்போது ஒரு முறை என்று அந்தப் பெண்ணின் கல்யாணத்தை அமெரிக்க அரசு மூன்று முறையாவது விசாரிக்கும். இதில் நடுவில் இருக்கும் விசாரணைதான் பெரும் தேக்கத்தில் சிக்கிக் கிடக்கிறது. அதில் முடிவு வருவதற்குள் மூன்று வருடம் ஓடிவிடுகிறது. குடியுரிமை கேட்கும் தகுதியும் வந்துவிடுகிறது. “கிரீன் கார்டு விஷயமே இன்னும் முடியலை, சிட்டிசன்ஷிப்புக்கு எப்படி அப்ளை பண்றது?” என்று பல பெண்கள் தயங்கி நின்றுவிடுகிறார்கள். தயங்கத் தேவையில்லை. சட்டம் அனுமதிக்கிறது. சொல்லப்போனால், தேங்கிக் கிடக்கும் முதல் ஃபைலை நகர வைப்பதே பல நேரங்களில் இந்த இரண்டாவது ஃபைல்தான்.

இரண்டு வருட கார்டு

அமெரிக்காவுக்குள் நிரந்தரவாசியாக நுழையும் நாளில், கல்யாணமாகி இரண்டு வருடம் நிறையவில்லை என்றால், மனைவிக்குக் கிடைப்பது வழக்கமான பத்து வருட கிரீன் கார்டு அல்ல. நிபந்தனையுடன் கூடிய இரண்டு வருட கார்டு. கார்டைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும். வகையைக் குறிக்கும் இடத்தில் சிஆர்1 என்றோ சிஆர்6 என்றோ இருக்கும். இந்தியாவில் விசா வாங்கிப் போனவருக்கு முதலாவது. அமெரிக்காவில் இருந்தபடியே நிரந்தரவாசியாக மாறியவருக்கு இரண்டாவது. விசா வருவதற்குத் தாமதமாகி, கல்யாணத்தின் இரண்டாம் ஆண்டு நிறைவு ஊரிலேயே கழிந்துவிட்டால் ஐஆர்1 கிடைக்கும். அதில் நிபந்தனை இல்லை. ‘சீக்கிரம் விசா வரவில்லையே’ என்று வேண்டாத தெய்வம் இல்லாமல் வேண்டிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு, அந்தத் தாமதமே பின்னாளில் பெரிய உதவியாகிவிடுவதும் உண்டு.

இரண்டு வருட கார்டில் வேலை பார்க்கலாம், படிக்கலாம், ஊருக்குப் போய் வரலாம். மற்ற கிரீன் கார்டுகாரர்களுக்கு உள்ள உரிமைகள் எல்லாம் உண்டு. ஆனால் கார்டு காலாவதியாவதற்கு முந்தைய 90 நாளுக்குள், கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்திட்டு, ஐ-751 என்ற மனுவைக் கொடுக்க வேண்டும். ‘இது உண்மையான திருமணம், நிபந்தனையை நீக்குங்கள்’ என்பது அதன் சாரம். 2024 ஏப்ரல் முதல் கட்டணம் 750 டாலர். மனு கொடுக்காமல் தேதி தாண்டினால், நிரந்தரவாசி என்ற தகுதியே போய்விடும்.

மனு கொடுத்ததும் குடியேற்றத் துறையிடமிருந்து ஒரு ரசீதுக் கடிதம் வரும். காலாவதியான கார்டும் அந்தக் கடிதமும் சேர்ந்ததுதான் அதற்குப் பிறகு கிரீன் கார்டு. இந்தக் கடிதம் எத்தனை மாதம் செல்லும் என்பதை மட்டும் கவனியுங்கள். முன்பெல்லாம் 12 மாதம். 2018-ல் 18 மாதம் ஆக்கினார்கள். 2021-ல் 24 மாதம். 2023 ஜனவரியில் ஒரே தாவலாக 48 மாதம். அதாவது, இரண்டு வருடம் செல்லும் கார்டுக்கு நான்கு வருட நீட்டிப்பு. தேக்கம் எவ்வளவு என்பதை இதைவிடத் தெளிவாகத் துறையே சொல்ல முடியாது.

இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு வாழ்வது எப்படி இருக்கும் என்று விமான நிலையத்தில் பார்த்தால் புரியும். மீனம்பாக்கத்தில் நள்ளிரவு விமானத்துக்கு நிற்கும் பெண், பழைய கார்டையும் மடிப்பு விழுந்த கடிதத்தையும் கவுன்டரில் நீட்டுகிறாள். கார்டில் உள்ள தேதி முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. கவுன்டரில் இருப்பவர் தேதியைப் பார்க்கிறார், கடிதத்தைப் பார்க்கிறார், மேலதிகாரியைக் கூப்பிடுகிறார். பின்னால் வரிசை நீள்கிறது. கடிதம் செல்லும் என்பது விதி. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அதை அந்தப் பெண்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அசல் கடிதம் தொலைந்துவிட்டால், அமெரிக்காவில் உள்ள குடியேற்றத் துறையின் அலுவலகத்தில் நேரம் வாங்கி, பாஸ்போர்ட்டில் முத்திரை பெறலாம். ஊருக்கு வந்த இடத்தில் தொலைத்தால் சிரமம் பல மடங்கு.

மூன்றாம் ஆண்டின் கதவு

1952-ம் ஆண்டின் குடியேற்ற, குடியுரிமைச் சட்டத்தின் 319-வது பிரிவுதான் இந்தக் கட்டுரையின் மையம். மற்ற கிரீன் கார்டுகாரர்கள் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். அமெரிக்கக் குடிமகனின் மனைவிக்கோ, குடிமகளின் கணவருக்கோ மூன்று வருடம் போதும். அந்த மூன்று வருடமும் தம்பதி சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். மூன்று வருடமும் கணவர் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். பாதிக் காலமாவது, அதாவது 18 மாதம், மனைவி அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். நிபந்தனைக் கார்டில் கழித்த காலமும் இந்தக் கணக்கில் முழுதாகச் சேரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திருச்சியில் 2023-ல் கல்யாணம் முடிந்த ஒரு பெண், 2024 மார்ச் 10 அன்று சிஆர்1 விசாவில் அமெரிக்காவில் இறங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கார்டு 2026 மார்ச் 10 வரை. 2025 டிசம்பர் 10 முதல் ஐ-751 கொடுக்கலாம். கொடுத்துவிட்டாள். 2027 மார்ச்சில் மூன்று வருடம் நிறைகிறது. மனு போட்டுப் பதினைந்து மாதம் ஆகியிருக்கும்; இன்றுள்ள வேகத்தில் பெரும்பாலும் முடிவு வந்திருக்காது. இருந்தாலும் அன்றைக்கே என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பத்தை அவள் கொடுக்கலாம். இணையத்தில் கொடுத்தால் 710 டாலர், தாளில் கொடுத்தால் 760.

இங்கே ஒரு நுணுக்கம். நம் ஊர்க் கல்யாணங்களில் பலர் சறுக்கும் இடம் இதுதான். குடியிருப்புக் காலம் நிறைவதற்கு 90 நாள் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம் என்று ஒரு சலுகை இருக்கிறது. அதை நம்பி, சேர்ந்து வாழ்ந்த மூன்று வருடக் கணக்குக்கும் அதே சலுகை உண்டு என்று எண்ணி அவசரப்படக் கூடாது. தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளை டல்லஸிலும் பெண் திருச்சியிலும் இருந்த மாதங்களைச் ‘சேர்ந்து வாழ்ந்த’ காலமாக அதிகாரி எடுத்துக்கொள்ளாமல் போகலாம். அமெரிக்காவில் ஒரே வீட்டில் வாழத் தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருடத்தை முழுதாக எண்ணி, அதற்குப் பிறகு விண்ணப்பிப்பதுதான் பத்திரம். மூன்று மாதம் மிச்சப்படுத்தப் போய் கட்டணத்தையும் விண்ணப்பத்தையும் சேர்த்து இழந்தவர்கள் உண்டு.

சரி, ஐ-751 முடியாமல் குடியுரிமை கொடுப்பார்களா? கொடுக்க மாட்டார்கள். நிபந்தனை நீங்காதவருக்குக் குடியுரிமை வழங்கச் சட்டத்தில் இடமில்லை. முதல் மனுவை முடித்துவிட்டுத்தான் இரண்டாவதில் கையெழுத்திட முடியும். இரண்டையும் ஒரே நாளில், ஒரே மேஜையில்கூட முடிக்கலாம். இதனால்தான் என்-400 கொடுத்ததும், எங்கோ ஒரு மையத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஐ-751 ஃபைலை, பெண் வசிக்கும் ஊரின் அலுவலகத்துக்கு வரவழைக்கிறார்கள். இதை அங்குள்ளவர்கள் ‘காம்போ இன்டர்வியூ’ என்கிறார்கள். எல்லா நேரமும் ஃபைல் சரியாக வந்து சேர்வதில்லை. இன்டர்வியூவில் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி முடித்த பிறகு, ‘உங்கள் பழைய ஃபைல் இன்னும் வரவில்லை, முடிவைப் பிறகு சொல்கிறோம்’ என்று அனுப்புவதும் நடக்கிறது. அப்படி 120 நாள் கடந்தும் முடிவு சொல்லாவிட்டால், மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும் உரிமையைச் சட்டம் கொடுக்கிறது. அந்த உரிமையைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு. வழக்கறிஞர் ஒருவர் மூலம் அதைக் குறிப்பிட்டுக் கடிதம் போனாலே அசைவு தெரியும் என்பது பலரின் அனுபவம்.

சந்தேகத்தின் பூர்வீகம்

கல்யாணத்தை வைத்துக் குடியுரிமையைக் கொடுப்பதும் பறிப்பதும் அமெரிக்காவுக்குப் புதிதல்ல. 1855-ம் ஆண்டுச் சட்டப்படி, அமெரிக்கனை மணந்த, குடியுரிமைக்குத் தகுதியுள்ள வெளிநாட்டுப் பெண் அந்த நிமிடமே அமெரிக்கர். 1907-ல் வந்த சட்டம் அதன் மறுபக்கம்: வெளிநாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழப்பாள். கலிஃபோர்னியாவில் பிறந்து வளர்ந்த எத்தல் மெக்கன்ஸி, ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரை மணந்ததால் வாக்காளராகப் பதிய முடியாமல் உச்ச நீதிமன்றம் வரை போனார், 1915-ல் தோற்றார்.

1922-ல் வந்த கேபிள் சட்டம் மனைவியின் குடியுரிமையைக் கணவனிடமிருந்து பிரித்தது. ஆனால் அதிலும் ஒரு ஓட்டை. குடியுரிமை பெறவே தகுதியில்லாத ஆசியரை மணந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. 1923-ல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர்கள் குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு, விடுதலைப் போராளி தாரக்நாத் தாஸை மணந்த மேரி கீட்டிங் என்ற அமெரிக்கப் பெண், பிறந்த நாட்டிலேயே நாடற்றவரானார். 1946-ல்தான் இந்தியர்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறந்தது. 1953-ல் விஞ்ஞானி எஸ்.சந்திரசேகரும் அவர் மனைவி லலிதாவும் அமெரிக்கக் குடியுரிமை பெற முடிந்தது அதனால்தான்.

இன்றைய இரண்டு வருட நிபந்தனை, 1986 நவம்பரில் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்ட திருமண மோசடித் தடுப்புச் சட்டத்திலிருந்து வருகிறது. குடியேற்றத்துக்காக நடக்கும் கல்யாணங்களில் 30 சதவிகிதம் போலி என்று அன்றைய குடியேற்றத் துறை நாடாளுமன்றத்தில் சொன்னது. அந்தக் கணக்கு புள்ளியியல் முறைப்படி செல்லாதது என்பது பிறகு வழக்கொன்றில் வெளிப்பட்டது. கணக்கு போனது, சட்டம் நின்றுவிட்டது. இன்றும் ஒவ்வொரு தம்பதியும் தாங்கள் போலி இல்லை என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. போலித் திருமணங்கள் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் சந்தேகப்படும் அரசு, சந்தேகத்தை விரைவாகத் தீர்த்துவைக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். நான்கு வருட நீட்டிப்புக் கடிதம் அந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் கடிதம் என்றே எனக்குப் படுகிறது.

பெண் பார்த்த கதையை எப்படிச் சொல்வது?

காம்போ இன்டர்வியூவில் என்ன நடக்கும்? வலது கையை உயர்த்தி, உண்மையே சொல்வதாக உறுதி எடுக்கச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைப் படிக்கச் சொல்வார்கள், ஒன்றை எழுதச் சொல்வார்கள். பிறகு வரலாறும் அரசியலமைப்பும். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்கு இந்தத் தேர்வு கடினமாகியிருக்கிறது. முன்பு 100 கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து 10 கேட்டு, 6 சரியானால் தேர்ச்சி. இப்போது 128 கேள்விகள்; 20 கேட்கலாம்; 12 சரியாக இருக்க வேண்டும். நம் பெண்கள் இதில் திணறுவது அபூர்வம். பத்தாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தை மனப்பாடம் செய்த தலைமுறை.

திணறுவது அடுத்த பகுதியில். ஐ-751 நிலுவையில் இருப்பதால் கணவரும் உடன் வந்திருக்க வேண்டும். எங்கே சந்தித்தீர்கள், எவ்வளவு நாள் பழகினீர்கள், யார் முதலில் விருப்பத்தைச் சொன்னது என்று கேள்வி வரும். பழகிப் பார்த்து, மோதிரம் கொடுத்து, பிறகு மணக்கும் வழக்கத்தை மனதில் வைத்துக் கேட்கப்படும் கேள்விகள் இவை. “ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தாங்க, மாடியில பத்து நிமிஷம் பேசினோம், மூணாவது மாசம் கல்யாணம்” என்பது மறைக்க வேண்டிய கதை அல்ல. அதை அப்படியே, தயக்கமில்லாமல் சொல்ல வேண்டும். ‘லவ் மேரேஜ் என்று சொன்னால் நம்புவார்கள்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கதை கட்டினால், தம்பதியில் ஒருவர் எங்காவது பிசகுவார். உண்மையான கல்யாணம் அந்த இடத்தில் போலியாகிவிடும்.

சான்றுகளிலும் நம் வழக்கமே இடறுகிறது. இருவர் பெயரிலும் வங்கிக் கணக்கு, இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், சேர்ந்து தாக்கல் செய்த வருமான வரி, ஒருவரின் காப்பீட்டில் மற்றவர் பெயர் ஆகியவற்றைத்தான் குடியேற்றத் துறை முதலில் தேடுகிறது. நம் வீடுகளில் வங்கிக் கணக்கு அவர் பெயரில், கார் அவர் பெயரில், வீட்டுக் கடன் அவர் பெயரில், மின்கட்டண ரசீதும் அவர் பெயரில். ‘எல்லாம் அவர் பார்த்துக்குவார்’ என்று பெருமையாகச் சொன்ன ஏற்பாடு, ஐ-751 கொடுக்கும்போது ஒரு சான்றுகூட இல்லாமல் நிறுத்திவிடும். அமெரிக்காவில் இறங்கிய முதல் மாதமே மனைவி பெயரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கல்யாண ஆல்பம் நல்லதுதான்; ஆனால் ஐந்நூறு முகூர்த்தப் படங்களைவிட, இரண்டு வருடம் இருவரும் எடுத்துப் போட்ட வங்கிக் கணக்கு கனமான சான்று. தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம் என்பதால் பதிவுச் சான்றிதழில் பொதுவாகச் சிக்கல் இருக்காது.

சிக்கல் பெயரில் வரும். தந்தையின் பெயர்தான் இனிஷியல். பாஸ்போர்ட்டுக்காக அதை விரித்து எழுதியதும் அதுவே குடும்பப் பெயராகிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு சிலர் கணவரின் பெயரைப் போட்டுக்கொள்கிறார்கள்; பட்டச் சான்றிதழில் பழைய பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், கார்டில் எழுத்துகள் இடம் மாறிய இன்னொரு பெயர். மனைவிக்கும் கணவருக்கும் பிள்ளைக்கும் மூன்று வெவ்வேறு கடைசிப் பெயர்கள். ஒவ்வொரு பெயரையும் விண்ணப்பத்தில் ‘பிற பெயர்கள்’ என்ற இடத்தில் விடாமல் எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டதை மறைத்ததாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. குடியுரிமை வாங்கும்போதே, நீதிமன்றத்தில் நடக்கும் உறுதிமொழி விழாவில், பெயரை ஒரே சீராக மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு.

யார் அவசரப்படக் கூடாது?

என்-400 கொடுப்பது மொத்த ஃபைலையும் திறந்து காட்டுவதற்குச் சமம். பழைய கைது, கட்டாத வரி, தவறுதலாக வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தது, பழைய விசாவில் சொன்ன பொய் என எது இருந்தாலும் அது மேஜைக்கு வரும். 2025 ஆகஸ்டில், அக்கம்பக்கத்தாரிடம் விசாரிக்கும் பழைய முறையையும் மறுபடி உயிர்ப்பித்திருக்கிறார்கள். ஐ-751 நிராகரிக்கப்பட்டால் நாடு கடத்தும் நடவடிக்கைக்கான நோட்டீஸ் வரும். சான்று பலவீனமாக இருப்பவர்களும், மேலே சொன்ன எதுவும் உள்ளவர்களும் முதலில் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பார்த்துவிட்டுத்தான் அடியெடுத்து வைக்க வேண்டும். வாட்ஸ்அப் குழு ஆலோசனை இதற்குப் போதாது.

இன்னொரு எச்சரிக்கை, பெற்றோருக்கு. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று பெண்ணை ஐந்தாம் மாதமே வரவழைத்து, குழந்தைக்கு மூன்று மாதம் ஆன பிறகு அனுப்புகிறோம். ஏழெட்டு மாதம் ஆகிவிடும். ஒரே பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால், அமெரிக்காவில் தொடர்ந்து வசித்தார் என்ற அனுமானம் உடைகிறது. உடையவில்லை என்று நிரூபிக்கும் சுமை பெண்ணின் தலையில். ஒரு வருடம் தாண்டினால் நிரூபிக்கவே இடமில்லை. மூன்று வருடக் கணக்கு சிதறிவிடும். அம்மா அங்கே போய்ப் பார்த்துக்கொள்வது செலவுதான், ஆனாலும் இந்தக் காலகட்டத்தில் அதுதான் மகளுக்குச் செய்யும் உதவி.

கணவர் சிட்டிசனாகி ஒன்றிரண்டு வருடமே ஆகியிருந்தால், இந்த மூன்று வருட வழி இன்னும் திறக்கவில்லை என்று பொருள். அவர் வேலை மூலம் வாங்கிய கிரீன் கார்டில் கூடவே கார்டு வாங்கிய மனைவிக்கு, ஐந்து வருடக் கணக்கே பெரும்பாலும் முந்திவிடும்.

இந்தியப் பக்கம்

உறுதிமொழி எடுக்கும் அந்த நிமிடத்தில் இந்தியக் குடியுரிமை முடிந்துவிடுகிறது. 1955-ம் ஆண்டுச் சட்டத்தின் 9-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. அன்றைக்குப் பிறகு இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்வது குற்றம். அதை ஒப்படைத்துச் சான்று வாங்கி, ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதற்கெல்லாம் காலம் பிடிக்கும் என்பதால், உறுதிமொழி எடுத்த கையோடு தங்கை கல்யாணத்துக்கு டிக்கெட் போட்டு வைக்காதீர்கள். ஓசிஐ இருந்தால் விசா இல்லாமல் வரலாம், வீடு வாங்கலாம். விவசாய நிலம் வாங்க முடியாது. அப்பாவின் வயல் வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். ஓட்டு கிடையாது. இது சிறு இழப்பு அல்ல. ஊரோடு உள்ள உறவை எந்த வடிவத்தில் வைத்துக்கொள்வது என்பதை அந்தப் பெண்தான் யோசித்து முடிவெடுக்க வேண்டும். அவளுக்காக மற்றவர்கள் முடிவெடுப்பது வேதனையாக இருக்கிறது.

கையெழுத்துப் போட மறுத்தால்…

இவ்வளவு நேரம் கல்யாணம் நல்லபடியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பேசினோம். இல்லாவிட்டால்?

‘ஐ-751-ல் கையெழுத்துப் போட மாட்டேன், ஊருக்குத் திரும்பிப் போ’ என்ற ஒரு வாக்கியத்தால் அடங்கிக் கிடக்கும் பெண்கள் இருக்கிறார்கள். 1986-ல் சட்டம் வந்தபோதே எழுந்த முதல் குற்றச்சாட்டு இதுதான்: மனைவியின் தங்கும் உரிமையைக் கணவனின் பேனாவில் கட்டிவைக்கிறீர்கள் என்று. 1990-ல் திருத்தினார்கள். அடி, உதை, கொடுமைக்கு ஆளான மனைவி தனியாகவே ஐ-751 கொடுக்கலாம். உண்மையாக நடந்த கல்யாணம் விவாகரத்தில் முடிந்தாலும் தனியாகக் கொடுக்கலாம். கணவர் இறந்துவிட்டாலும் கொடுக்கலாம். தனியாகக் கொடுக்கும் மனுவுக்கு அந்த 90 நாள் வரம்பு இல்லை. ஏற்கெனவே சேர்ந்து கொடுத்த மனு நிலுவையில் இருக்கும்போது விவாகரத்து முடிந்தால், அதைத் தனி மனுவாக மாற்றக் கேட்கலாம்.

ஆனால் குடியுரிமைக்கான மூன்று வருட வழி அங்கே அடைபடும். உறுதிமொழி எடுப்பதற்கு முந்தைய நாள் விவாகரத்து ஆனாலும் அடைபடும். பிறகு மற்றவர்களைப் போல ஐந்து வருடம். கொடுமைக்கு ஆளானவர் என்ற அடிப்படையில் நிரந்தரவாசியானவருக்கு மட்டும், பிரிந்த பிறகும் மூன்று வருட வழி திறந்திருக்கிறது. இதை ஊரில் இருக்கும் அம்மா அப்பாவும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ‘பொறுத்துப் போ, இன்னும் ஒரு வருஷம், சிட்டிசன்ஷிப் வந்துடட்டும்’ என்று போனில் சொல்லும் அறிவுரை பல வீடுகளில் இந்தச் சட்டம் தெரியாமல் சொல்லப்படுகிறது. அடிபடும் மகளுக்கு அதைச் சொல்லாதீர்கள்.

மகளிடம் இன்றே கேட்டுப் பாருங்கள்: கார்டின் இரண்டு பக்க நகல், ரசீதுக் கடிதம், கல்யாணப் பதிவுச் சான்று, வரித் தாக்கல் நகல் ஆகியவை அவளுடைய சொந்த மின்னஞ்சலில், கணவருக்குத் தெரியாத கடவுச்சொல்லுக்குள் இருக்கின்றனவா? குடியேற்றத் துறையின் இணையக் கணக்கு அவள் பெயரில், அவள் கைபேசி எண்ணோடு இருக்கிறதா? வீடு மாறினால் பத்து நாளுக்குள் புது முகவரியைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். கணவர் வீட்டை விட்டு வெளியேறிய பெண் இதை மறந்தால், இன்டர்வியூ அழைப்பு பழைய வீட்டு அஞ்சல் பெட்டிக்குத்தான் போகும். கொடுமைக்கு ஆளாகி வெளியேறியவர்கள், கணவர் பார்க்க முடியாத வேறு முகவரிக்குக் கடிதங்களை அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். அவர்களைப் பற்றிய விவரங்களை அந்தக் கணவரிடம் துறை சொல்லக் கூடாது என்பதும் சட்டத்தில் இருக்கிறது.